புதிதாகக் கட்டிய பழைய டிராக்டர் எஞ்சின் சுற்ற மறுத்தால்

எஞ்சினைப் பிரித்து, லேத் பட்டறையில் கொடுத்து வாங்கி, புது லைனர் (சிலிண்டருக்குள் இருக்கும் உறை), பிஸ்டன், பேரிங் எல்லாம் போட்டுக் கட்டியாயிற்று. கம்பி போட்டுச் சுற்றினால் கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) அசையவில்லை. அல்லது கால் சுற்று வந்து முட்டி நிற்கிறது. "செல்ஃப் அடியுங்கள், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். வேறொரு டிராக்டரில் சங்கிலி கட்டி இழுக்கச் சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் செய்யாதீர்கள். புது எஞ்சின் சற்று இறுக்கமாக இருக்கலாம், பிடித்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஜோடி பேரிங்கோடு முடியவேண்டிய செலவைக் கிராங்க் வரை இழுத்துவிடுவது அந்த அவசரம்தான்.

இங்கே மாஸ்ஸி பெர்குசன் 35-ஐ வைத்துச் சொல்கிறேன். 1959 கடைசியில் அந்த வண்டிக்கு வந்த பெர்கின்ஸ் 3.152 மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், 152 கன அங்குலம், ஏறத்தாழ 2.5 லிட்டர். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே டிராக்டர் நிறுவனத்தின் 1035 இதன் வழிவந்தது என்பதால், நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு இது அந்நியமான எஞ்சின் அல்ல.

படி 1: எளிய காரணங்களைக் கழியுங்கள்

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். பிறகு மூன்று இன்ஜெக்டர்களையும் கழற்றிவிட்டு, அந்தத் துளைகளுக்கு நேரே முகத்தை வைக்காமல், கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீரோ டீசலோ பீச்சிக்கொண்டு வந்தால் காரணம் அதுதான். திரவம் அமுங்காது; பிஸ்டன் அதன் மேல் முட்டி நின்றிருக்கிறது. எங்கிருந்து கசிந்தது என்று மட்டும் தேடுங்கள்.

படி 2: எங்கே பிடிக்கிறது?

முன் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரண்டு முழுச் சுற்று சுற்றப் பாருங்கள். சுற்று முழுவதும் ஒரே சீராகக் கனத்தால் பேரிங் இடைவெளியையோ ஆயில் சீலையோ சந்தேகிக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்தால் கிராங்க், ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைப்பது), பிஸ்டன் இவற்றில் ஒன்று. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பிடித்தால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பக்கம் பாருங்கள். கிராங்க் இரண்டு முறை சுற்றும்போது கேம் ஒரு முறைதான் சுற்றும். "டக்" என்று இரும்பில் இரும்பு மோதி நின்றால் டைமிங் கியரின் குறிகளைச் சரிபாருங்கள். வால்வு பிஸ்டனில் இடித்துக்கொண்டிருக்கலாம். பிளாக்கின் முகத்தைச் சீவியிருந்தால் பிஸ்டனே ஹெட்டில் இடிக்கவும் கூடும்.

படி 3: சம்ப்பை (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியை) கழற்றுங்கள்

பெரும்பாலான கோளாறு இங்கேதான் இருக்கும், பொறுமை வேண்டும். ஒரு ராட் கேப்பின் (ராடைக் கிராங்க்கில் பிடித்திருக்கும் மூடியின்) நட்டுகளைத் தளர்த்துங்கள், சுற்றிப் பாருங்கள். விடுபடவில்லையா, அதைப் பழையபடி முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ராடுகள் முடிந்ததும் மெயின் கேப்புகளையும் (கிராங்க்கைப் பிளாக்கில் பிடித்திருக்கும் மூடிகளையும்) இப்படியே ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது கிராங்க் விடுபடுகிறதோ, அதை மட்டும் கழற்றுங்கள்.

கழற்றிய பேரிங்கின் முதுகைப் பாருங்கள். 010, 020, 030 என்று எண் பொறித்திருக்கும். கிராங்க்கை அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு சாணை பிடித்தார்களோ அதற்கான எண் அது. கிராங்க்கை 010-க்குச் சாணை பிடித்துவிட்டு 020 பேரிங் போட்டால் இறுகத்தான் செய்யும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாதீர்கள், முதுகில் உள்ள எண்ணை நம்புங்கள். அந்த முதுகில் ஓர் இரும்புத்தூள் ஒட்டியிருந்தாலும் போதும். பேரிங் அந்த இடத்தில் உள்ளே புடைத்து ஷாஃப்டைப் பிடிக்கும்.

பேரிங்கின் ஓரத்தில் மட்டும் மெல்லிய பளபளப்பான கோடு தெரிகிறதா? சாணை பிடித்தவர் ஷாஃப்டின் மூலை வளைவைத் தடிமனாக விட்டுவிட்டார். பேரிங் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதற்கு வீட்டில் மருந்து இல்லை. கிராங்க் மறுபடி லேத்துக்குத்தான் போகவேண்டும்.

கேப்பும் ராடும் ஒரே எண்ணா, ஒரே பக்கமாக மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தைத் தாங்கும் திரஸ்ட் வாஷர்களில் பள்ளம் வெட்டிய பக்கம் கிராங்க்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டவர்கள் ஏராளம்.

இடைவெளியை அளக்க பிளாஸ்டிகேஜ் மலிவான வழி. எண்ணெயைத் துடைத்துவிட்டு, மெழுகு போன்ற அந்த இழையை ஷாஃப்டின் மேல் நீளவாக்கில் வைத்து, கேப்பைச் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கிக் கழற்றுங்கள். இடையில் கிராங்க்கைச் சுற்றக் கூடாது. நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவுகோலோடு ஒப்பிடுங்கள். ஷாஃப்ட் விட்டத்தில் அங்குலத்துக்கு 0.001 அங்குலம் என்பது பொதுக்கணக்கு. கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேடு சொல்வதே சரி.

படி 4: பேரிங் நன்றாக இருந்தால்

ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் எந்த உயரத்தில் இறுகுகிறது என்று பாருங்கள். இந்த எஞ்சினில் லைனர் உலர் வகை, பிளாக்கில் அழுத்தி ஏற்றுவது. ஏற்றும்போதே அது சுருங்கக்கூடும். அதனால் ஏற்றிய பிறகு போரின் (சிலிண்டர் துளையின்) மேல், நடு, அடி மூன்று இடத்திலும் இரண்டு திசையிலும் அளக்கவேண்டும். பின்பக்கம் கயிறு சீல் புதிதாகப் போட்டிருந்தால் அதுவும் கொஞ்சம் இழுக்கும். அது மட்டும் பயப்பட வேண்டாத இறுக்கம்.

படி 5: வண்டியோடு இணைத்த பிறகு பிடித்தால்

இவ்வகை டிராக்டரில் தனி சேஸிஸ் கிடையாது, எஞ்சினும் கியர்பாக்ஸும்தான் வண்டியின் முதுகெலும்பு. தனியாகச் சுற்றிய எஞ்சின், இணைத்ததும் நின்றுவிட்டால், இரண்டையும் இணைக்கும் போல்ட்டுகளை வரிசையாகத் தளர்த்துங்கள். கிளட்ச் தட்டின் பற்களில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சரியாக இறங்காமல் போல்ட்டை முறுக்கி இழுத்திருப்பார்கள். கிராங்க்கின் முன்பின் ஆட்டம் அங்கே காணாமல் போயிருக்கும்.

குளிர்ந்த எஞ்சின் சுற்றுகிறது, ஓடிச் சூடானதும் பிடிக்கிறது என்றால் ரிங்கின் முனை இடைவெளியைப் பாருங்கள். ரிங்கைத் தனியாக லைனருக்குள் வைத்து ஃபீலர் கேஜால் அளக்கவேண்டும். போர் விட்டத்தில் அங்குலத்துக்கு 0.003 முதல் 0.004 அங்குலம் வரை என்று கணக்கு. 3.6 அங்குலம் விட்டமுள்ள இந்த எஞ்சினுக்கு 0.011-க்குக் குறைந்தால் முனைகளை மெல்லிய அரத்தால் உராய்ந்து சரிசெய்யலாம்.