ஸ்னோஷூ அணிந்து ஒரு பகல் மலைநடை

பனியில் கால் புதையாமலிருக்கக் காலணியின் அடியில் பூட்டிக்கொள்ளும் அகன்ற சட்டமே ஸ்னோஷூ. அதை அணிந்து நடக்கக் கால் மணி நேரத்தில் பழகிவிடலாம்; எந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது என்பதை அறியத்தான் நாளாகும். ஆகவே, புறப்படுவதற்கு முந்தைய மாலையிலேயே அப்பகுதிக்குரிய பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படித்துவிட வேண்டும். அபாயத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். நடுவில் இருப்பதாலேயே 3 என்பது மிதமானது என்று எண்ணிவிடக் கூடாது. அபாயம் 3 என்று அறிவிக்கப்பட்ட நாளில் புதியவர்களுக்கு மரங்களடர்ந்த சமதளப் பாதையே ஏற்றது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்வுள்ள இடங்களில்தான் கிளம்புகின்றன என்றாலும், நாம் நடக்கும் பாதை தட்டையாக இருந்தால் போதாது; மேலே அப்படியொரு சரிவு தொங்கினால், அங்கிருந்து புறப்படும் பனி நம்மிடம்தான் வந்து சேரும். அத்தகைய பகுதிக்குள் செல்வோர் ஒவ்வொருவரிடமும் பனியில் புதைந்தவரின் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், தோண்டியெடுக்க மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பயன்படுத்திப் பழகாதவர் கையில் அவை வெறும் சுமைதான்.

ஸ்னோஷூவின் அளவைப் பாதத்தைப் பார்த்து அல்ல, உடல் எடையோடு முதுகுப்பையின் எடையையும் கூட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். பருத்தி உடை வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்றவுடன் உடலைச் சில்லிடச் செய்யும். நடக்கத் தொடங்கும்போதே கதகதப்பாக இருந்தால் மேலங்கி ஒன்று அதிகம் என்று பொருள்.

பாதத்தின் முன்பகுதி, ஸ்னோஷூவில் குதிகால் உயர்ந்து தாழ இடம்தரும் சுழலச்சுக்கு நேர் மேலே அமையுமாறு வைத்து, முதலில் முன்பட்டையையும் பிறகு குதிகால் பட்டையையும் இறுக்க வேண்டும். சிறிது தூரம் நடந்தபின் பட்டைகள் தளரும். அப்போது மீண்டும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளலாம். கால்களைச் சற்று அகட்டி வைத்து நடக்காவிட்டால் ஒரு சட்டத்தை மற்றொரு கால் மிதித்துவிடும். ஏறும்போது அடியிலுள்ள முன்பற்கள் பனியைக் கவ்வும்படி முன்காலை ஊன்ற வேண்டும். நீண்ட ஏற்றங்களில் குதிகாலைத் தாங்கும் கம்பியை உயர்த்திவிட்டால் கெண்டைக்காலுக்குப் பெரும் ஆறுதல். இறங்கும்போது முழங்காலை மடக்கி, எடையைச் சற்றே குதிகாலுக்கு மாற்ற வேண்டும். பின்னோக்கி மட்டும் நடக்கவே கூடாது. ஸ்னோஷூவின் வால்பகுதி பனியில் குத்தி ஆளைச் சாய்த்துவிடும். திரும்ப நேர்ந்தால் சிறு வட்டமடித்துத் திரும்புவதே முறை.

புதுப்பனியில் தடம் போடுவது களைப்பூட்டும் வேலை என்பதால், முன்னால் செல்பவரை அடிக்கடி மாற்ற வேண்டும். தண்ணீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையத் தொடங்கும். எனவே, மூடியை நன்றாக இறுக்கிப் புட்டியைத் தலைகீழாக வைத்தால் வாய் அடைபடாது. கைபேசியை உட்சட்டைப் பையில் வைத்தால் குளிரில் மின்கலம் விரைவில் இறங்காது.

கோடையில் நடக்கும் வேகத்தைக் கொண்டு குளிர்காலப் பயணத்தைக் கணக்கிடக் கூடாது. ஆழ்ந்த பனியில் அதே தூரத்துக்கு இரு மடங்கு நேரம்கூட ஆகலாம். திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே கடிகாரப்படி முடிவுசெய்து, வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டு, அந்நேரம் வந்ததும் சிகரம் கண்ணெதிரே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். எப்படியானாலும் தலைவிளக்கு பையில் இருக்கட்டும்.