குழந்தைகளின் ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும்: ரத்தப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தையின் ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் பெற்றோரின் கண் தடித்த எழுத்தில் அச்சான எண்ணின் மீதுதான் விழுகிறது. அதன் அருகில் உள்ள 'இயல்பு அளவு' பல நேரங்களில் பெரியவர்களுக்கானது என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் முதல் தவறு. பிறந்தபோது ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்தில் 14 கிராமுக்கு மேல் இருக்கும் ஹீமோகுளோபின், இரண்டு மூன்று மாதங்களில் 10 கிராம் அளவுக்குத் தானாகவே இறங்கும்; நிறைமாதத்தில் பிறந்து, நன்றாகப் பால் குடித்து, எடை கூடிவரும் குழந்தைக்கு இது நோயன்று. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வரையறையின்படி 6 முதல் 23 மாதம் வரை 10.5 கிராமுக்கும், 2 முதல் 4 வயது வரை 11 கிராமுக்கும், 5 முதல் 11 வயது வரை 11.5 கிராமுக்கும் குறைந்தால்தான் ரத்தசோகை. விரலை அழுத்திப் பிழிந்து எடுத்த துளியில் திசுநீர் கலந்து அளவு பிழையாகக் காட்டக்கூடும் என்பதால், ஐயம் இருந்தால் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து மறுபடி பார்ப்பது நல்லது.

ஹீமோகுளோபின் குறைவு என்றதும் இரும்புச்சத்து டானிக்கைத் தொடங்குவதில் பிழையில்லை. ஒரு மாதம் முறையாகக் கொடுத்தும் ஒரு கிராம்கூட ஏறாதபோது, காரணத்தைத் தேடாமல் அதையே மாதக்கணக்கில் தொடர்வதுதான் பிழை. சிவப்பணுக்கள் சிறுத்திருப்பது இரும்புக் குறைபாட்டிலும் உண்டு, ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் பரம்பரைக் கோளாறான தலசீமியாவின் மரபுக்கூறு உள்ள குழந்தையிலும் உண்டு. அறிக்கையிலுள்ள எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) அளவை, மில்லியனில் தரப்பட்ட சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து, விடை 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவை நினைக்க வேண்டும். இது குறிப்பு மட்டுமே. உறுதிசெய்ய, தலசீமியா மரபுக்கூறில் பெரும்பாலும் உயர்ந்திருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவு தேவை. இரும்புக் குறைபாடு அந்த அளவையும் தாழ்த்திவிடும் என்பதால் ஏ2 அளவையும் இரும்பு நிலையையும் சேர்த்தே படிக்க வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், காய்ச்சலின்போது எடுத்தால் உயர்ந்து காணப்படுவதை நம்பி இரும்பு போதுமென்று முடிவுசெய்யக் கூடாது. ரத்தம் ஏற்றிய பிறகு தலசீமியா பரிசோதனை செய்தால், கொடையாளரின் அணுக்கள் கலந்து முடிவைக் குழப்பும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகக் கேடு விளைவிப்பது, பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலையில், மஞ்சள் நிறத்தைத் தரும் நிறமியான பிலிரூபினின் மொத்த அளவை மட்டும் பார்த்துவிட்டு, "வெயில் காட்டினால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடுவதுதான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றும் மஞ்சள் எப்போதும் உடனே பரிசோதிக்கப்பட வேண்டியது. அதன் பின்னரும் அளவு கூடுதலா என்பதைக் குழந்தையின் வயதை மணிக்கணக்கில் வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும். தோலைக் கண்ணால் பார்த்து அளவைக் கணிப்பது, குறிப்பாக மாநிறக் குழந்தைகளிடம், நம்பத்தக்கதன்று. நிறைமாதக் குழந்தைக்கு இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்தால், நேரடி பிலிரூபினை (கல்லீரல் பித்தத்தில் கழிக்க ஆயத்தம் செய்த பகுதி) தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். அது டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டினால் தாய்ப்பாலால் வந்த மஞ்சள் என்று அமைதியடைய இடமில்லை. பித்தநாளங்கள் அடைபட்டு அழியும் பிலியரி அட்ரீசியாவாக இருக்கலாம். ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் உருவாக்கிய அறுவைச் சிகிச்சை, குழந்தை பிறந்து 60 நாள்களுக்குள் நடந்தால்தான் பித்தம் வழிந்தோடும் வாய்ப்பு நன்றாக இருக்கும். மலம் வெளுத்தும் சிறுநீர் துணியில் மஞ்சளாய்க் கறைபடிந்தும் இருந்தால் தாய் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருத்துவரும் கேட்க வேண்டும்.

வளர்ந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றதும் கல்லீரல் அணுக்கள் சிதைவதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. குறைந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கிறோம். கல்லீரல் செயலிழக்கும் நிலையிலும் அது குறையும். அப்போது பிலிரூபினும் ரத்த உறைவு நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆரும் உயர்ந்துகொண்டே போகும். கீழாநெல்லி கொடுத்துக்கொண்டு காத்திருக்கும் வீடுகளில் இந்த ஐ.என்.ஆர். பரிசோதனைதான் விடுபட்டுப்போகிறது.

ரத்தசோகையும் மஞ்சளும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வந்தால், சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்பதை அறிய ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை, நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் படலம், சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருளைக் கண்டறியும் கூம்ப்ஸ் பரிசோதனை ஆகியவை வேண்டும். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்சைமின் குறைபாட்டைத் தேடும்போது இன்னொரு கவனமும் தேவை: அணுக்கள் உடைந்த உடனே எடுத்த மாதிரியில், என்சைம் மிகுந்த இளம் அணுக்களே எஞ்சியிருப்பதால், குறைபாடுள்ள குழந்தைக்கும் முடிவு இயல்பாக வரலாம். எனவே ஐயம் தீராவிட்டால் மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும்.