வேல்ஸ் ஊர்ப்பெயரிலிருந்து புனிதரைக் கண்டறியும் முறை

வேல்ஸின் வரைபடத்தை விரித்தால், 'லான்' என்று தொடங்கும் ஊர்கள் நூற்றுக்கணக்கில் கண்ணில் படும். வேலியிட்ட நிலத்தையும், பின்னர் அங்கு எழுந்த தேவாலயத்தையும் குறித்த சொல் அது. அதனை அடுத்து நிற்பது பெரும்பாலும் ஒரு புனிதரின் பெயராகும்.

முதலில் 'லான்' என்பதை நீக்கிவிடுங்கள்.

அடுத்து, 'லான்' சேர்ந்ததால் மாறியிருக்கும் முதலெழுத்தை எஞ்சிய பெயருக்கு மீட்க வேண்டும். தொடக்கநிலையினர் தடுமாறுவது இங்கேதான். 'வண்டு', 'தங்கம்', 'கம்பு' ஆகியவற்றில் மெல்லினத்தை அடுத்த வல்லினம் குழைந்து ஒலிப்பதைப் போலவே, டெய்லோ, கொல்லென், பதார்ன் ஆகிய புனிதர்களின் பெயர்களும் 'லான்' முன்னே வந்ததும் குழைகின்றன. ஆகவே லான்டெய்லோ, லான்கொல்லென், லான்பதார்ன் என்று தமிழில் எழுதும்போது அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. மகரமோ வகரமாகிவிடும்: மைர், அதாவது மரியாள், லான்வைர் என்ற பெயரில் ஒளிந்திருக்கிறார். வேல்ஸின் காவல் புனிதரான டெவியின் டகரம் 'அதை' என்பதிலுள்ள தகரம்போல ஒலித்து, லான்தெவி என்றாகும்.

மூன்றாவதாக, கிடைத்தது புனிதர் பெயர்தானா என்று பாருங்கள். லான்டாஃப் என்பதில் இருப்பது டாஃப் ஆறு.

பிறகு இடத்தை ஆராயுங்கள். வட்டமான கல்லறைத் தோட்டமும் முதிர்ந்த யூ மரமும் (நெடுங்காலம் வாழும் பசுமைமாறா மரம்) பழமைக்குக் குறிப்புகளே தவிர, உறுதியான சான்றுகள் அல்ல. கல்வெட்டு கிடைத்தால் அதற்கே முதலிடம். லான்தெவி ப்ரெவி என்ற ஊரில், டெவியின் பெயரைச் சொல்வதாகப் படிக்கப்படும் பழைய லத்தீன் கல்வெட்டு உடைக்கப்பட்டு, அதன் துண்டுகள் தேவாலயச் சுவரில் சாதாரணக் கட்டுமானக் கற்களாகப் பதிக்கப்பட்டுள்ளன. வேல்ஸ் அறிஞர் எட்வர்ட் லூயிட் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுத்து வைத்ததால்தான் அதன் வாசகம் நமக்குத் தெரிகிறது.

இறுதியாகவே புனிதரின் வரலாற்று நூலைத் திறக்க வேண்டும். டெவி 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ரிகிவார்க் என்ற வேல்ஸ் மதகுரு அவரது வரலாற்றை எழுதியதோ 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில். மக்கள் தம்மைக் காணும்படி, பிரசங்கித்த டெவியின் காலடியில் நிலம் மேடாக உயர்ந்தது என்கிறது அந்நூல். தேவாலயம் இன்றும் ஒரு மேட்டின் மீதுதான் நிற்கிறது. மேட்டிலிருந்து கதை பிறந்திருக்கலாம் என்பது என் எண்ணம். பெயர் இருப்பதாலேயே அப்புனிதர் அத்தேவாலயத்தை நேரில் நிறுவினார் என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். அவரைப் போற்றியவர்கள் பின்னாளில் எழுப்பியதாகவும் இருக்கலாம். டெய்லோவின் கல்லறையைக் குறிக்கும்போது மட்டும் மூன்று வரிகளை ஒதுக்குங்கள்: லான்டெய்லோ, லான்டாஃப், பெனலி ஆகிய மூன்று ஊர்களும் அவர் உடலுக்கு உரிமை கோரியதால், ஒரே இரவில் அது மூன்று உடல்களானது என்று மரபு சொல்கிறது.