மழைத் தண்ணீர் ஆற்றுக்கு எந்த வழியாகப் போகிறது? டின் வைத்துப் பார்க்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் மதியம் கொட்டுகிற மழை கடைசியில் பேராக் ஆற்றில்தான் சேர்கிறது. ஆனால் ஒரே சரிவில் விழுந்த தண்ணீரில் ஒரு பங்கு சில நிமிடங்களில் ஓடைக்கு வந்துவிடும்; மண்ணுக்குள் இறங்கிய பங்கு வர வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும். எவ்வளவு எந்த வழியில் போகும் என்பது பெரும்பாலும் மேல்மண்ணின் கையில் இருக்கிறது.

மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கிறது என்று அளக்க, 15 செ.மீ. அகலமுள்ள பழைய டின்னின் மேல்மூடியையும் அடியையும் வெட்டி எடுங்கள். மேலே பலகை வைத்துச் சுத்தியலால் தட்டி, 5 செ.மீ. நேராக மண்ணில் இறக்குங்கள். ஆட்டி ஆட்டி இறக்கினால் ஓரத்தில் இடுக்கு விழும். தண்ணீர் அதன் வழியே நழுவிக் கணக்கைக் கெடுக்கும். முதல் தடவை ஊற்றும் தண்ணீரைக் கணக்கில் எடுக்காதீர்கள், காய்ந்த மண் ஆசையாகக் குடிக்கும். மண் நனைந்தபின் மறுபடி ஊற்றி, 10 நிமிடத்தில் எத்தனை மி.மீ. இறங்கியது என்று அடிக்கோலால் பாருங்கள். அதை 6ஆல் பெருக்கினால் ஒரு மணி நேர அளவு. தண்ணீர் பக்கவாட்டிலும் பரவுவதால் இந்த எண் உண்மையைவிடச் சற்றுக் கூடவே காட்டும்.

பழக்குலையை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் பாதையில் ஒன்று, வெட்டிய மட்டை அடுக்கின் கீழே ஒன்று என இரண்டு இடத்திலும் செய்வது அவசியம். ஜேபிஎஸ் (வடிகால், நீர்ப்பாசன இலாகா) கணக்கில் மணிக்கு 31 முதல் 60 மி.மீ. வரை கனமழை, 60க்கு மேல் மிகக் கனமழை. பாதையில் 5 மி.மீ. மட்டும் இறங்கினால் மணிக்கு 30தான். அதற்கு மேல் பெய்வது மண்ணையும் உரத்தையும் அள்ளிக்கொண்டு மேலாகவே ஓடும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. என்பது ஏறத்தாழ 4,000 லிட்டர்.

மட்டைக்கடியில் வேர்த்துளையும் புழுத்துளையும் தண்ணீரை உள்ளே இழுக்கும். கீழே களிமண் தட்டினால் அது சரிவோடு பக்கவாட்டில் நகர்ந்து, வெட்டிய மேட்டோரத்தில் கசியும். அதையும் தாண்டி இறங்குவது நிலத்தடி நீர். நாலைந்து நாள் மழையில்லாத பிறகும் ஓடையில் தெளிவாக ஓடுவது அதுதான். மழை விட்டதும் வரும் செம்மண் கலங்கிய தண்ணீர், மண்ணில் இறங்காமல் மேலாகவே ஓடி வந்தது.

பாதையில் தேங்குகிறதே என்று கால்வாயை ஆழமாக வெட்டுவதுதான் பலர் செய்கிற தவறு. கீழே இருக்கிற லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) வெள்ளம் சீக்கிரம் வரும், வறட்சியில் ஓடையும் வற்றும். சரிவுக்குக் குறுக்கே மட்டையை அடுக்குங்கள். சரிவோடு அடுக்கினால் தண்ணீர் தடையில்லாமல் ஓடிவிடும்.