நாய்க்குத் தின்பண்டம்: பையில் எது இருக்கலாம், எது கூடாது

வெளியூர் போகிறவர்களின் நாய்களை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் தொழில். மதுரையில் இதற்கு இப்போது நல்ல கிராக்கி. நாயோடு ஒரு பையும் வந்து சேரும். அதைச் சொந்தக்காரர் எதிரிலேயே மேசைமேல் கொட்டி, ஆகும், ஆகாது என்று பிரித்துவிடுவேன். சிலருக்கு முகம் சுண்டும். சுண்டட்டும்.

முதலில் கணக்கு. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் அளவு. பத்துக் கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும் பக் நாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 600 கலோரி போதும். அதில் தின்பண்டத்தின் பங்கு 60. நாம் டீயில் தொட்டுத் தின்னும் குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்று சுமார் 20 கலோரி. மூன்று பிஸ்கட்டோடு அன்றைய பங்கு தீர்ந்தது. "அக்கா, ராத்திரி அரை பாக்கெட் கொடுத்தால்தான் தூங்குவான்" என்று சொல்லி விட்டுப்போகிறவர்கள் உண்டு. சப்பை மூக்கு நாய்க்கு மூச்சு வாங்குவது ஏற்கெனவே உள்ள தொல்லை. அதன் மேல் கொழுப்பையும் ஏற்றினால் மாடிப்படி எப்படி ஏறும்?

நாய் எத்தனை முறை கிடைத்தது என்று பார்க்கும். எவ்வளவு பெரியது என்று பார்க்காது. ஒரு பிஸ்கட்டை நான்காக ஒடித்து நான்கு முறை கொடுத்தால் நான்கு முறை வாலாட்டும். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்களுக்கு வேறு கவலை: "ஒல்லியாக இருக்கிறான், நிறையக் கொடுங்கள்" என்பார்கள். ஓடுவதற்கென்றே பிறந்த இனத்துக்கு விலா லேசாகத் தெரிவதுதான் லட்சணம்.

கடைப் பாக்கெட்டைவிட நான் பயப்படுவது வீட்டுச் சமையலறைக்குத்தான். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. குழம்பிலிருந்து கறித்துண்டை எடுத்துத் தண்ணீரில் அலசிக் கொடுத்தேன் என்பவர்களிடம் நான் சொல்வது: சின்ன வெங்காயம் கரைந்த சாறு கறிக்குள் இறங்கியபின் எதை அலசுகிறீர்கள்? இதில் இன்னொரு வம்பு, விளைவு உடனே தெரியாது. சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அதற்குள் கறிக்குழம்பை எல்லோரும் மறந்திருப்பார்கள். வெங்காயம் போட்ட மெதுவடைக்கும் இதே விதிதான். அதில் எண்ணெய் வேறு. எண்ணெயும் நெய்யும் கோழித்தோலும் கணையத்தை வீங்கவைக்கும்.

திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கவைக்கும். எந்த நாய்க்கு எத்தனை பழம் என்று சொல்ல முடியாததால் ஒன்றுகூட வேண்டாம். நம் பக்கத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் விலக்கு இல்லை. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்ந்த திராட்சைக்கும் இல்லை. 2021இல் அமெரிக்காவில் விலங்கு நச்சுகளைக் கையாளும் கால்நடை மருத்துவர்கள், இதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அந்த அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் வீட்டுப் புளி. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு அந்தச் சந்தேகமே வலுத்தது. ஆகவே கோயில் புளியோதரை பிரசாதமே ஆனாலும் நீங்களே சாப்பிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

சாக்லேட் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நிறம் கறுக்கக் கறுக்க நஞ்சும் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், சில வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். லேபிளில் இ967 என்றும் போட்டிருப்பார்கள். அது நாயின் உடலில் இன்சுலினைத் திடீரென்று கொட்டச் செய்து, அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடக்கூடும். கல்லீரலையும் கெடுக்கும். கருவாடு என்றால் நாய்க்கு உயிர், ஆனால் அதில் முழுக்க உப்பு. மாங்கொட்டை, சீத்தாப்பழ விதை, சப்போட்டா விதை எதையும் எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

பாக்கெட் வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் திருப்பிப் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். கோழிப் படம் போட்ட பாக்கெட்டில் முதலில் கோதுமை மாவும் கடைசியில் கோழிச் சுவையூட்டியும் இருந்தால், நீங்கள் வாங்குவது பிஸ்கட். பச்சைத் துண்டு, சிவப்புத் துண்டு எல்லாம் உங்களுக்காகச் செய்தவை. நாய்க்கு அந்த இரண்டு நிறத்தையும் பிரித்துப் பார்க்கவே வராது. கோழிக்கறியை உலர்த்திய பட்டைகளில் எங்கே தயாரித்தது என்று தெளிவாக இல்லாவிட்டால் வாங்கமாட்டேன். சீனாவில் தயாரான அத்தகைய பட்டைகளைத் தின்று நாய்கள் நோயுற்றதாக 2007 முதல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் குவிந்தன. இறந்தவை ஆயிரத்துக்கும் மேல் என்று கணக்கு வந்தும், காரணம் இதுதான் என்று ஆய்வில் உறுதிப்படவில்லை.

கடிப்பதற்கென்று விற்கும் பொருள்களை நகத்தால் சோதியுங்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும். மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, யாக் என்ற இமயமலை மாட்டின் பாலில் செய்த கெட்டிக் குச்சி ஆகியவற்றில் பதியாது. மேல்தாடையின் பெரிய பல் பாளமாகப் பிளந்துபோகும். எலும்பு வடிவில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் தோல் ஊறி வழுவழுப்பாகி, பெரிய துண்டாக விழுங்கப்பட்டுக் குடலில் அடைத்துக்கொள்ளும். பிரியாணி எலும்பு வெந்த எலும்பு. சில்லுச் சில்லாக உடையும். ஞாயிற்றுக்கிழமை மதியம் குப்பைக்கூடையை மூடிவையுங்கள்.

நான் கொடுப்பவை எளியவை: கேரட், பீன்ஸ், வெள்ளரி, உப்பில்லாமல் வேகவைத்த பூசணி, சர்க்கரைவள்ளி, விதை நீக்கிய தர்பூசணி, ஒரு ஸ்பூன் தயிர். பயிற்சிக்கு மட்டும் கோழி. நெஞ்சுக்கறியை உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்து, நன்றாக ஆறியபின் நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நாராகப் பிய்த்தால் விரலில் ஒட்டும். நாய் விரலையும் சேர்த்துக் கவ்வும். பட்டாணி அளவு போதும். நூறு கிராம் வெந்த கறி சுமார் 165 கலோரி, துண்டுகளோ நூற்றுக்கு மேல் தேறும். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக உறைந்ததும் டப்பாவில் கொட்டிக்கொள்ளலாம். வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் குளிர் விட்டதும் கொடுங்கள். புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றுதான். இரண்டு நாள் மலத்தைக் கவனியுங்கள். வயிறு கெட்டால் எதனால் என்று தேட வேண்டியதில்லை.

தின்னக் கூடாததைத் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி வருகிறதோ இல்லையோ, அந்த உப்பே நாயைக் கொன்றுவிடலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மருத்துவரை அழைத்து நாயின் எடை, தின்ற பொருள், ஏறத்தாழ எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற நான்கையும் சொல்லுங்கள். கிழிந்த பாக்கெட் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடியுங்கள்.