மாடித் தோட்டக் காய்கறிச் செடிகளில் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் முறை

செடியில் பூச்சி விழுந்திருப்பதைக் கண்டவுடன் பெரும்பாலோர் முதலில் தேடுவது மருந்தைத்தான். ஆனால் எந்தப் பூச்சி, செடியின் எந்தப் பகுதியில் அமர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் தெளிக்கும் கரைசல் எவ்வளவு நல்லதாயினும் பாதிக்கு மேல் வீணாகிறது. அசுவினி (செடிப்பேன்), வெள்ளை ஈ, சிவப்புச் சிலந்தி என்னும் மிகச் சிறிய சிலந்திப்பேன் ஆகிய மூன்றும் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்திலேயே வாழ்பவை என்பதால், காலையில் நீர் ஊற்றும்போதே செடிக்கு இரண்டு மூன்று இலைகளைப் புரட்டிப் பார்ப்பதும், நுனிக் குருத்தைக் கவனிப்பதும் மற்ற எல்லா முறைகளுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியவை. மிளகாய் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் இலைப்பேனையும், கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தால் மஞ்சள் சிலந்தி என்னும் சிலந்திப்பேனையும் சந்தேகிக்கலாம். குருத்தின் அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்லத் தட்டினால், இலைப்பேன்கள் தாளில் விழுந்து ஓடுவதைக் கண்ணால் காணலாம்.

சென்னை மாடிகளில் மிகுந்த தொல்லை தருவது மாவுப்பூச்சி. மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கும்போது கத்தரி, வெண்டை, தக்காளி ஆகியவற்றின் கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் தோன்றும் இது, பல வீடுகளில் அருகிலுள்ள செம்பருத்தியிலிருந்தே பரவுகிறது. ஆகவே காய்கறிச் செடியை மட்டும் கவனித்துவிட்டுச் செம்பருத்தியை விட்டுவைப்பதில் பயனில்லை. மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பான கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காப்பதோடு, அதன் எதிரிகளான பூச்சிகளையும் அண்டவிடாமல் விரட்டுகின்றன. எறும்பின் வழியை அடைக்காதவரை மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வரும். இதற்காகத் தொட்டித் தாங்கியின் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் வைக்கும் வழக்கம் உண்டு. கொசுப் பெருக்கத்துக்குப் பேர்போன நம் ஊரில் அது வேறொரு வம்பை விலைக்கு வாங்குவதாகும் என்பதால், கால்களைச் சுற்றிக் கிரீஸ் தடவுவதே மேல். தொடக்க நிலையில், பழைய பல் துலக்கியைச் சோப்பு நீரில் நனைத்துப் பூச்சியைத் தேய்த்தெடுத்து, பின்னர் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி போய்விடும்.

வெண்மையாக மாவு பூசியதுபோல் தெரியும் எல்லாமே மாவுப்பூச்சி அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு, ஏறக்குறைய அதே தோற்றம் கொண்டது. அளவில் பெரியதாகவும், சுறுசுறுப்பாக நகர்வதாகவும் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பின்னர் தமிழகமெங்கும் பப்பாளியையும் மல்பெரியையும் சூறையாடிய பப்பாளி மாவுப்பூச்சி, பூச்சிக்கொல்லிகளுக்கு அடங்காமல், 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகளாலேயே அடங்கியது. தோட்டத்தில் உலவும் குளவி, பூச்சி தின்னும் சிலந்தி, பொறிவண்டு ஆகியவற்றைக் கண்டு அஞ்சுவோர் இதை நினைவிற்கொள்வது நல்லது.

சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெருகிவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், சில துளிகள் காதி சோப்புக் கரைசலும் போதும். எண்ணெயையும் சோப்பையும் முதலில் நன்றாகக் குழைத்து, அதன்பின் சிறிது சிறிதாக நீர் சேர்க்க வேண்டும். நேராக நீரில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து, தெளிக்கும்போது சில இலைகளைக் கருக்கி, சில இலைகளைத் தொடாமலே விட்டுவிடும். சென்னையில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகவும் கடினமாகவும் இருப்பதால் அதில் சோப்பு நுரைக்காது, எண்ணெயும் கலக்காது. மழைநீரோ மெட்ரோ தண்ணீரோ எடுத்துக்கொள்வது நல்லது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு, இலையின் அடிப்பக்கம் முழுவதும் நனையுமாறு தெளித்து, முட்டைகளிலிருந்து புதிதாக வெளிவருபவற்றுக்காக வாரம் ஒரு முறை வீதம் மூன்று முறை தொடர வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் முதலில் ஓரிரு இலைகளில் தெளித்துப் பார்த்தபின் செடி முழுவதும் தெளிப்பதே பாதுகாப்பானது.

கத்தரியின் தண்டு மற்றும் காய்த்துளைப்பானிடம் வேப்பெண்ணெய் அதிகம் பலிக்காது, ஏனெனில் புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் கரைசல் அதை எட்டுவதில்லை. நீர் இருந்தும் நுனிக் குருத்து மட்டும் வாடித் தொங்கினால், வாடிய இடத்துக்குச் சற்றுக் கீழே நறுக்கி, உள்ளிருக்கும் புழுவோடு அழிக்க வேண்டும். நறுக்கியதை உரக் குழியில் போட்டால் புழு அங்கேயே வளர்ந்து அந்துப்பூச்சியாக வெளிவரும். பாகல், புடலை, பீர்க்கு ஆகியவற்றில் பழ ஈ முட்டையிடுவது பிஞ்சுக் காயிலேயே என்பதால், பூ உதிர்ந்ததும் காய்க்கு மெல்லிய துணிப்பையோ காகித உறையோ மாட்டிவிடலாம். அழுகி விழுந்த காய்களைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டால் உள்ளிருக்கும் புழுக்கள் மடியும்.

வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அதற்கு மருந்து இல்லை. செடியைப் பிடுங்கிவிட்டு, மற்றவற்றைக் காக்க, வெள்ளை ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளுமாறு மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி மட்டத்தில் தொங்கவிடலாம். எண்ணெய் காய்ந்தால் மீண்டும் தடவ வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி முருங்கையில் கம்பளிப்புழுக்கள் கூட்டமாகத் தண்டில் ஒட்டியிருக்கும். அவற்றின் மயிர் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும் என்பதால் வெறுங்கையால் தொடாமல், நீண்ட குச்சியால் சோப்பு நீருள்ள வாளியில் தள்ளிவிட வேண்டும்.

ஊரிலிருந்து வரும் உறவினர் கொண்டுவந்து தரும் வயல் மருந்தை வீட்டுச் செடிகளுக்குப் பயன்படுத்துவது முற்றிலும் தவிர்க்க வேண்டிய செயல். எடுத்துக்காட்டாக, மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை விதிக்கப்பட்டது. கரப்பான் பூச்சிக்கும் கொசுவுக்கும் விற்கும் தெளிப்பான்களும் உண்ணும் செடிக்கு உரியவை அல்ல.

கோடையில் ஓய்ந்த தொட்டிகளின் மண்ணைக் கொட்டிப் பாலிதீன் விரிப்பில் மெல்லியதாகப் பரப்பி, சித்திரை வெயிலில் ஒரு வாரம் காயவிட்டால், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களும் வேர்ப்புழுக்களும் பெருமளவு அழியும். அந்த மண்ணில் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து நிரப்பி, சில நாட்கள் ஈரமாக வைத்திருந்த பிறகே ஆடிப்பட்டத்துக்கு விதைக்க வேண்டும்.