நெல் மில்லில் புது ஆளுக்கு ஈரம் அளக்கப் பழக்கும் முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காலபோக (மாரிமழைப் பருவ நெல்) அறுவடையோடு மில்களுக்குப் புது ஆட்கள் வருவார்கள். "பக்கத்தில நின்று பார்" என்று விட்டால் கை பழகும், காரணம் பிடிபடாது.

ஈரம் அளப்பதை முதலில் பேசாமல் செய்து காட்டுங்கள். அடுத்த தடவை படிகளைச் சொல்லுங்கள், மூன்றாம் தடவை ஏன் என்பதையும். மூடை வாயில் மட்டும் எடுத்த நெல் காய்ந்ததாகக் காட்டும். நடுவிலும் அடியிலும் எடுத்துக் கலக்க வேண்டும். வெயிலில் சுட்ட நெல்லை ஆறவிட்டே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசிப்புப் பிழைக்கும். ஈரம் அளக்கும் மீற்றரில் நெல்லுக்குரிய தெரிவு போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு அவரே செய்யட்டும், காரணத்தை வாயால் சொல்லிக்கொண்டு. பலரும் விடுவது இந்த இடத்தைத்தான். "விளங்கிச்சோ?" என்றால் எல்லாரும் ஓம் என்பார்கள், அது கணக்கில்லை. ஒரே நெல் மாதிரியை நீங்களும் அவரும் மும்முறை அளந்து சராசரி எடுங்கள். அரை வீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அவரைத் தனியே அளக்க விடவேண்டாம். ஏனென்றால் ஈரம் 14 வீதத்தைத் தாண்டிய நெல்லை அடுக்கிவைத்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

முதல் கிழமை தினமும் இரண்டு மூடையையாவது நீங்களே திரும்ப அளந்து பாருங்கள், சொல்லாமல்.